ஒன்றரை ஸ்டாப்

3 பிப்ரவரி 2025, திங்கள்

வெள்ளை ஷூ படங்கள் எல்லாவற்றையும் உமைமா திருப்பி அனுப்பிவிட்டாள்.

நான் ஷூக்களைப் படம் எடுத்துக் கொடுக்கிற ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் அவள்; வெளிநாட்டு கஸ்டமரோடு பேசுவது அவள்தான். நான் தோல் தொழில்நுட்பம் படித்துவிட்டு ஆம்பூருக்கு வேலைக்கு வந்த வருடம் அவள் பிறந்திருக்கக்கூட மாட்டாள். போனில் நிதானமாகச் சொல்கிறாள்: "சார், தப்பா எடுத்துக்காதீங்க. தையலே தெரியல. இது ஷூவா, உரிச்ச முட்டையான்னு கஸ்டமர் கேக்கறார்." பின்னால் யாரோ சிரித்தார்கள். அதையும் கேட்டுக்கொண்டேன்.

அவளுடைய கம்ப்யூட்டர் திரையில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டு வைத்தேன். பிறகு என்னுடையதில் திறந்து பார்த்தேன்.

வெளுத்துத்தான் போயிருக்கிறது. தையல் இல்லை, மடிப்பு இல்லை, தோலின் ரேகை இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரு வெள்ளை.

நான் எடுத்தது இது இல்லை. வியூஃபைண்டரில் ஒவ்வொரு தையலையும் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினேன். இது எப்படி?

4 பிப்ரவரி

மறுபடி எடுத்தேன். மறுபடியும் வெளுப்பு.

5 பிப்ரவரி

எழுதிப் பார்த்தால் பிடிபடும்.

என்னிடம் இருப்பவை ஃபிலிம் காலத்து லென்ஸ்கள். இரும்பு, பித்தளை, கண்ணாடி, அவ்வளவுதான். நடுவில் ஒரு வளையம் போட்டு டிஜிட்டல் கேமராவில் மாட்டியிருக்கிறேன். ஃபோகஸ் கையால் திருப்ப வேண்டும். வெளிச்சம் நுழையும் துளை, அதாவது அப்பர்ச்சர், அதையும் கையால்தான் திருப்ப வேண்டும். துளை எவ்வளவு என்று கேமராவுக்குத் தெரியாது; அந்த எண் வர வேண்டிய இடத்தில் இரண்டு கோடு போட்டுவைக்கும்.

ஆனாலும் உள்ளே வந்து விழும் வெளிச்சத்தை அது அளக்கும். அளந்து, ஷட்டரை இவ்வளவு வை என்று காட்டும். அந்த மீட்டரை நான் மதிப்பதில்லை. காரணம் உண்டு. உலகத்தில் எல்லாப் பொருளும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்பது அதன் நம்பிக்கை. வெள்ளைத் தோலைக் காட்டினாலும் சாம்பலாக்கப் பார்க்கும், கறுப்புத் தோலைக் காட்டினாலும் சாம்பலாக்கப் பார்க்கும். தோல் தெரிந்தவன் அதன் பேச்சைக் கேட்க மாட்டான். வியூஃபைண்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டித் திரைதான்; ஷட்டரைத் திருகத் திருக அதில் படம் வெளுக்கும், கறுக்கும். நான் அதைப் பார்த்துக்கொண்டே திருகுவேன். வெள்ளை வெள்ளையாகத் தெரியும் இடத்தில் நிறுத்துவேன். எடுத்த பிறகு பின்பக்கத் திரையைக் குனிந்து குனிந்து பார்ப்பது கல்யாண மண்டபத்துப் பையன்கள் வேலை.

வடக்கு ஜன்னல் ஓரமாக இரண்டு தோலைப் போட்டால், இது நேற்று சாய டிரம்மிலிருந்து இறங்கியது, இது இன்று இறங்கியது என்று சொன்ன கண் இது. முன்பு வேலை பார்த்த கம்பெனியில் நான் பார்த்து ஷேடு ஓகே சொல்லாமல் ஒரு லாட் வெளியே போனது கிடையாது.

ஆகவே தப்பு லென்ஸில். லென்ஸ் என்றால், அதை எனக்கு விற்ற காஷிஃபிடம்.

7 பிப்ரவரி, வெள்ளி

உமைமா மறுபடி கூப்பிட்டாள். "மேனேஜர் சென்னை ஸ்டூடியோவுக்குக் குடுத்துடலாம்ங்கறார் சார். இன்னும் ஒரு வாட்டி பாக்கலாம்னு நான்தான் சொல்லி வெச்சிருக்கேன்." அவள் எனக்குச் சிபாரிசு. இந்த நிலைமைக்கு வந்துவிட்டேன்.

எல்லாம் பழைய கம்பெனியின் கேட் வாசலில் ஆரம்பித்தது. நான் குவாலிட்டி மேனேஜராக இருந்தேன். கடுமையாக நடக்கிறேன், என்னை மாற்ற வேண்டும் என்று தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டுக்கு வெளியே நின்று என் பெயரைச் சொல்லி ஒழிக போட்டவர்களில் என் தம்பி ஜெயப்பிரகாஷும் ஒருவன்; ஊருக்கு ஜேபி. கம்பெனி பஸ் டிரைவர். மாதனூர் சுற்றுப்பட்டில் விடியற்காலையில் ஆள் ஏற்றி வருகிற வண்டி. அந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான். நான் வெளியே வந்து இந்த வாடகை அறையில் ஷூவைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவன் அந்த வண்டியிலேயே இருக்கிறான்.

அன்றோடு பேச்சு முடிந்தது. அவன் வீட்டு ஆட்களோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று என் மனைவி சோபனாவிடமும் சத்தியம் வாங்கிவிட்டேன். இதுவரை அவள் மீறவில்லை.

10 பிப்ரவரி

பஜாரில் காஷிஃப் கடைக்குப் போனேன். பழைய கேமரா, லென்ஸ் வாங்கி விற்பான்; ரிப்பேரும் அவனே. கவுண்டரில் லென்ஸை வைத்து, "எட்டுன்னு போட்ட எடத்துல எட்டு இல்ல. துளை பெருசா நிக்குது. வெளிச்சம் ஜாஸ்தி விடுது" என்றேன்.

வளையத்தைத் திருப்பி, லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். "பிளேடு சுத்தமா மூடுது ணா. எண்ணெய்ப் பிசுக்குகூட இல்ல."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"நீங்க இன்னாத்துக்குப் பொய் சொல்லப் போறீங்க? லென்ஸும் சொல்லல. அதான் பேஜாரா இருக்கு."

கடையில் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே ஏமாற்றுக்காரன் என்று சொன்னேன். காஷிஃபின் முகம் மாறிவிட்டது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"வெள்ளிக்கெழம கடை லீவு. ஜும்மா முடிச்சுட்டு உங்க ரூமுக்கு வர்றேன். என் முன்னாடி எடுங்க. லென்ஸ் தப்புன்னா இதே பஜார்ல நின்னு நானே சொல்றேன். இல்லன்னா நீங்க சொல்லணும்."

வரட்டும்.

14 பிப்ரவரி, வெள்ளி

எங்கிருந்து எழுதுவது?

வந்தான். வெள்ளை ஷூவை ஜன்னல் ஓரம் வைத்தேன். அதே லென்ஸ், அதே கேமரா, துளை எட்டில். முதலில் நான். பார்த்துத் திருகி, சரியாகத் தெரிந்த இடத்தில் நிறுத்தி எடுத்தேன். பிறகு அவன். அவன் எங்கே நிறுத்தினான் என்று எனக்குக் காட்டவில்லை, நான் எங்கே நிறுத்தினேன் என்று அவனும் பார்க்கவில்லை. இரண்டையும் கம்ப்யூட்டரில் போட்டோம்.

அவன் படத்தில் தையல் இருந்தது. மடிப்பு இருந்தது. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. என் படம் முட்டை.

அவன் ஷட்டரை நொடியில் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்குக்கு வைத்திருந்தான். நான் நாற்பத்தைந்தில் ஒரு பங்குக்கு. ஒன்றரை ஸ்டாப் வித்தியாசம். ஒரு ஸ்டாப் என்றாலே வெளிச்சம் இரட்டிப்பு.

"நீ எதையோ மாத்திட்ட" என்றேன்.

"நீங்க பக்கத்துலயே நின்னீங்க ணா."

மறுபடி எடுத்தோம். கறுப்பு ஷூ. டேன் ஷூ. ஒவ்வொரு தடவையும் அதே ஒன்றரை. ஒரு கூட்டல் கணக்கு மாதிரி மாறாமல். காஷிஃப் ஸ்டூலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க எப்பவும் ரைட் கண்ணுலயே பாப்பீங்களா?"

"எல்லாரும் அப்பிடித்தான் பாப்பாங்க."

"நான் லெஃப்ட். மூக்கு இடிக்கும். எங்க வாப்பா சிரிப்பார்." பிறகு மெதுவாக, "லெஃப்ட்ல ஒரு வாட்டி பாருங்க ணா."

இடது கண்ணை வைத்தேன். நான் நாற்பத்தைந்தில் நிறுத்தியிருந்த அதே காட்சி. ஜன்னலை யாரோ உடைத்துத் திறந்த மாதிரி வெளிச்சம். ஷூவைக் காணவில்லை.

கேமராவில் ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். வலது கண்ணுக்கு மாற்றினேன். ஷூ வந்தது, தையலோடு. இடது. இல்லை. வலது. இருக்கிறது.

என்னடா இது. என்னடா இது.

காஷிஃப் கேமராவை என் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தான். கீழே போட்டுவிடுவேன் என்று நினைத்திருப்பான்.

15 பிப்ரவரி

காலையிலிருந்து மாற்றி மாற்றிக் கண்ணை மூடிப் பார்க்கிறேன். இடது கண்ணில் சுவர் வெள்ளை. வலதில் அதே சுவர் மழை வரப்போகிற மாதிரி. சோபனாவின் மஞ்சள் புடவை வலதில் அழுக்கு. இரண்டும் திறந்தால் ஒன்றும் தெரியவில்லை. அதாவது, எல்லாம் சரியாகத் தெரிகிறது. இத்தனை நாள் ஒன்று மற்றொன்றை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

வலி இல்லை. சிவப்பு இல்லை. ஒன்றுமே இல்லை. எப்போது ஆரம்பித்தது? கம்பெனியில் இருக்கும்போதேயா? அங்கே கடைசி வருடங்களில் ஷேடு பார்த்தது எந்தக் கண்?

17 பிப்ரவரி, திங்கள்

வேலூர். கண் டாக்டர். சொட்டு மருந்து போட்டால் கண் கூசும், தனியாக வரக் கூடாது என்றார்கள். சோபனாவுக்குக் காய்ச்சல். காஷிஃப் கடையைச் சாத்திவிட்டு வந்தான். பஜாரில் நான் அவனைச் சொன்ன சொல்லை இருவரும் எடுக்கவில்லை.

டாக்டர் இளம்பெண். டார்ச்சை இடது கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். "இந்த வெளிச்சத்துக்கு நூறு மார்க்னு வெச்சுக்கோங்க." வலது கண்ணுக்கு மாற்றினாள். "இதுக்கு எவ்ளோ போடுவீங்க?"

"முப்பத்தஞ்சு" என்றேன்.

"அவ்ளோ கரெக்டா சொல்றீங்க?"

ஒன்றரை ஸ்டாப் கம்மி என்றால் நூற்றுக்கு முப்பத்தைந்துதான் வரும். பஸ்ஸிலேயே கணக்குப் போட்டுவிட்டேன். "பாஸ் மார்க்தான் மேடம்" என்று காஷிஃப் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

பிறகு இருட்டு அறை. ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது கண் முறையில் வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டேன். "போயிட்டிருக்கு சார்" என்றாள் நர்ஸ்.

கிளாக்கோமா. உள்ளே அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறது. வலதில் ஓரமெல்லாம் போய், நடு மட்டும் மிச்சம். இடதில் ஆரம்பம். "போனது திரும்பி வராது சார். இருக்கறதக் காப்பாத்தலாம். ஒரு ராத்திரிகூட விடாம சொட்டு போடணும்." நடக்கும்போது வலது பக்கம் இடித்துக்கொள்கிறேனா என்று கேட்டாள். வலது பக்கமாக வந்து என்மேல் மோதுகிறவர்களை எல்லாம் இத்தனை நாளும் திட்டிக்கொண்டிருந்தேன். சந்தையில், பஸ் ஸ்டாண்டில். கண் தெரியலையா என்று.

"வீட்ல யாருக்காவது பார்வை போச்சா?" அப்பாவுக்கு. கடைசி நாலு வருடம் சுவரைத் தடவித்தான் நடந்தார். வயசு என்று விட்டுவிட்டோம்.

"கூடப் பொறந்தவங்க உண்டா? இருந்தா உடனே காட்டணும். இது குடும்பத்துல வர்றது. அவங்களுக்கும் ஒண்ணும் தெரியாமயே போயிட்டிருக்கும்."

இல்லை, ஒரே பையன் என்றேன்.

வாயிலிருந்து அப்படித்தான் வந்தது. யோசித்துச் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் காஷிஃப் கேட்டான்: "அப்ப ஜேபி யாரு ணா?"

19 பிப்ரவரி

அவன் டிரைவர்.

20 பிப்ரவரி

சோபனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. "அவரு விடியறதுக்கு முன்னாடி வண்டி எடுக்கறாரு. அம்பது பொண்ணுங்க ஏறுற பஸ்ஸு. நாளு பாத்துக்கிட்டா சொல்லுவீங்க?"

"நான் போன் பண்றேன்."

"எப்ப?"

சொட்டு மருந்தை எடுத்து மூடியைத் திருகினேன்.

"நீங்க பண்ணலன்னா நான் ஜோதிகிட்ட சொல்லிடுவேன். சத்தியமாவது ஒண்ணாவது." ஜோதி, தம்பியின் மனைவி. சோபனா என்னிடம் இப்படிப் பேசியதில்லை.

22 பிப்ரவரி

போனை எடுத்தேன். அவன் எண்ணைத் தடை செய்து வைத்திருந்தேன். தடையை நீக்கினேன். அதற்குமேல் விரல் போகவில்லை. என்னவென்று ஆரம்பிப்பது? எப்படி இருக்கே என்றா?

இன்று செய்தித்தாளில் எங்கேயாவது பஸ் விபத்து என்று இருக்கிறதா என்று முதலில் தேடினேன். தேடிவிட்டு, நான் என்ன மனுஷன் என்று தோன்றியது.

25 பிப்ரவரி, செவ்வாய்

விடியுமுன் முதல் பஸ் பிடித்து மாதனூர் போய்விட்டேன். கம்பெனி வண்டி நிற்கிற இடத்தில் பெண்கள் டிபன் பையோடு நின்றார்கள். வண்டி கிளம்பும் முன்னால் சாவியைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் மனத்தில் ஓடியது. அவன் கத்துவான். கத்தட்டும்.

வண்டி வந்தது. டிரைவர் வேறு ஆள். சின்னப் பையன், ஒவைஸ் என்று பெண்கள் கூப்பிட்டார்கள்.

"ஜெயப்பிரகாஷ் லீவா?" என்றேன்.

"ஜேபி அண்ணனா? அவரு வண்டி விட்டு ரெண்டு வருஷம் ஆவுது சார். கண்ணுல ப்ராப்ளம்னு அவரே சாவியக் குடுத்துட்டாரு. இப்ப ஸ்டோர்ஸ்ல இருக்காரு. நீங்க யாரு?"

வண்டி போய்விட்டது. யார் என்று நான் சொல்லவில்லை.

ரெண்டு வருஷம்.

அவன் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். ஜோதி வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாளியை அப்படியே வைத்துவிட்டு, "இங்க வாங்களேன், உங்க அண்ணன்" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். ஏதோ சாவுச் செய்தி கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

அவன் பனியனோடு வெளியே வந்தான். தலை நரைத்துவிட்டது. படியிறங்கும்போது இடது பக்கம் நன்றாகத் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு இறங்கினான்.

"எனக்குக் கண்ணுல..." என்று ஆரம்பித்தேன்.

அவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். "எந்தக் கண்ணு?"

"வலது."

"எவ்ளோ போச்சு?"

சொன்னேன். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். "நீ காட்டியிருப்பன்னு நெனச்சேனே ணா. படிச்ச ஆளு, அப்பாவப் பாத்த ஆளு, வருஷா வருஷம் காட்டாமயா இருப்பார்னு நெனச்சேனே."

"உனக்குத் தெரிஞ்சிச்சின்னா நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

கேட்டே விட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வந்தேன் ணா. டாக்டர் சொன்ன அன்னிக்கே வந்தேன். நீ மேலேந்து பாத்த. பாத்துட்டு ஜன்னலச் சாத்துன. ரோட்லயே நின்னேன். அப்பறம் போன் பண்ணேன், போவல. மெசேஜ் போட்டேன், அதுவும் போவல."

ஞாபகம் வந்தது. மாமன் மகள் கல்யாணத்துக்கு முன்னால். உறவுக்காரர்கள் சமாதானத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். தாழ்ப்பாளையும் போட்டேன்.

"சோபனாகிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன் ஜோதியைப் பார்த்து.

"அக்கா எங்களக் கண்டா வேற தெருவுல போய்டுவாங்க மாமா. நீங்க சத்தியம் வாங்கி வெச்சிருக்கீங்கன்னு ஆம்பூருக்கே தெரியும்."

ஜோதி டீ கொடுத்தாள். குடித்தேனா என்று நினைவில்லை.

26 பிப்ரவரி

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் தெரிந்திருந்தால் வலதில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? டாக்டரிடம் போனில் கேட்டேன். "அத இப்பக் கேட்டு என்ன சார் பண்ணப் போறீங்க" என்றாள்.

27 பிப்ரவரி

அவன் கத்தியிருக்கலாம். தெருவில் நின்று, கண்ணு, கண்ணு என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். கேட் வாசலில் அவ்வளவு பலமாகக் கத்தத் தெரிந்தவனுக்கு என் வீட்டு வாசலில் கத்தத் தெரியவில்லையா?

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கோடு போட்டு அடிக்கவில்லை. அப்படித்தான் தோன்றுகிறது.

1 மார்ச், சனி

பஜாருக்குப் போய், காஷிஃப் கடையில் ஆள் இருக்கும் நேரமாகப் பார்த்து, லென்ஸில் தப்பு இல்லை என்று சொன்னேன். "சரி ணா, கேட்டுச்சு, உக்காருங்க" என்றான்.

6 மார்ச்

இப்போது மீட்டரை வைத்தே எடுக்கிறேன். துளையை எட்டுக்குத் திருப்பி, வெள்ளைத் தோலை அளந்து, அது சொல்வதற்குமேல் ஒன்றரை ஸ்டாப் கூட்டுகிறேன்; கறுப்புக்கு அதே அளவு குறைக்கிறேன். அதன் சாம்பல் புத்தி எனக்குத் தெரியும், அதற்குத் தக்கபடி கழித்துக்கொள்ளலாம். என் கண் எதைக் குறைக்கிறது என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது. ஒவ்வொரு படத்தையும் பின்பக்கத் திரையில் குனிந்து பார்க்கிறேன், கல்யாண மண்டபத்துப் பையன்களைப் போல.

உமைமாவின் செய்தி: "தையல் தெரியுது சார். கஸ்டமர் ஓகே." காரணம் அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் பரிதாபப்படுவாள்.

24 மார்ச், திங்கள்

வேலூர். இருவருக்கும் ஒரே நாளில் பார்க்கும்படி ஜோதி ஏற்பாடு செய்திருந்தாள். அழுத்தம் இறங்கியிருக்கிறது, எனக்குக் கொஞ்சம், அவனுக்கு நன்றாகவே. சொட்டு போட்டதில் இரண்டு பேருக்கும் கண் கூசியது. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு இறங்கினோம். வழியில் அவன் ஸ்டோர்ஸ் மேனேஜரைப் பற்றி ஏதோ சொன்னான். நான் ம் போட்டேன். கேட் வாசல் பேச்சு வரவில்லை. நான் அதை மறக்கவும் இல்லை, ஒருநாள் கேட்பேன்.

பஸ் பிடிக்க ரோட்டைத் தாண்ட வேண்டும். லாரிகள் நிற்காமல் வந்துகொண்டிருந்தன. ஓரத்தில் நின்றோம். ஜெயப்பிரகாஷ் எனக்குப் பின்னால் சுற்றி வந்து என் வலது பக்கம் நின்றுகொண்டான். அவனுக்குத் தெரியாத இடது பக்கத்தில் நான் இருந்தேன்.

"போலாம்" என்றான்.

நடந்தோம்.